முக்காலி இருக்கு, உட்காரத்தான் முடியாது

கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் கடைக்குள் நுழைந்தால் முதல் மரியாதை உட்கார வைப்பதுதான். பாட்டிக்குச் சாய்வு நாற்காலி, மாப்பிள்ளை வீட்டாருக்கு மெத்தை ஸ்டூல், கூட வந்த பிள்ளைகளுக்கு ஜூஸ். "உட்காருங்க மேடம், நிதானமா பாருங்க" என்று சொல்கிற பெண் நின்றுகொண்டிருப்பாள். நாம் மதியம் முழுக்கப் புடவை பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போனாலும் அவள் நிற்பாள். போன பிறகு, பிரித்துப் போட்டதை எல்லாம் மடித்து அடுக்குவதும் நின்றபடிதான்.

என் சின்ன வயதில் எங்கள் ஊர் ஜவுளிக்கடை இப்படி இல்லை. மெத்தை விரித்த மேடை இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தால் எதிரே கடைக்காரரும் கடைப்பையனும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கடைப்பையனுக்கு என்ன சம்பளம், எத்தனை மணிக்கு வீட்டுக்கு விட்டார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த மெத்தையில் எல்லாச் சாதிக்காரரும் ஏறி உட்கார்ந்ததாகவும் எனக்கு நினைவில்லை. ஆனாலும் நின்றுகொண்டேதான் துணி விற்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் அந்த மேடையைத்தான் காட்டுவேன். மாடிக்கு மேல் மாடியாகக் கடைகள் எழும்பி, கவுன்ட்டரும் கேமராவும் வந்தபோது விற்கிறவர் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு அவரை உட்கார வைக்கச் சட்டம் தேவைப்பட்டது.

அந்தச் சட்டம் 2021 செப்டம்பரில் வந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருஷத்துச் சட்டம். அதில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்க்கத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதா கொண்டுவந்தார். எல்லாக் கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை வசதி வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கிற வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிற நிலை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்துக்கு அடுத்து இந்தியாவில் இப்படிச் சட்டம் போட்ட மாநிலம் நாம்தான் என்று அப்போது எல்லாப் பத்திரிகையும் எழுதின. பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்த்தால் அந்தப் பெருமை சுருங்கிவிடும். ஆலைகளில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை கொடு என்று 1948இலேயே தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கேட்டு வாங்கினான். கடை ஊழியருக்கு அதே ஒரு வரி வர இன்னும் 73 வருஷம் ஆகியிருக்கிறது. பிரிட்டனில் கடை உதவியாளர்களுக்கு இருக்கை தரும் தனிச் சட்டம் 1899இலேயே வந்தது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். விக்டோரியா மகாராணி காலத்துக் கடைப்பெண்ணுக்குக் கிடைத்தது தி.நகர் கடைப்பெண்ணுக்கு ஏட்டில் ஏறுவதற்கு இன்னொரு நூற்றாண்டும் போதவில்லை.

ஏட்டில் என்றுதான் சொல்கிறேன். என் சித்தி மகள் ஒருத்தி ஊரில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடை பெயர் வேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான் என்று அவளே சொல்கிறாள். சட்டம் வந்த புதிதில் நான் ஆர்வமாகக் கேட்டேன்.

"இப்ப ஸ்டூல் போட்ருக்காங்களா?"

"கெடக்குக்கா. கவுன்ட்டருக்கு அடியில முக்காலி கெடக்கு."

"அப்ப உட்காருவியா?"

"அதுமேல ஸ்டாக் அடுக்கி வச்சிருக்கு. எடுத்துப் போட்டு உட்காந்தா சூப்பர்வைசரு, 'என்னம்மா, செக்‌ஷன்ல வேல இல்லயா, வேற செக்‌ஷனுக்கு மாத்திவிடவா'ம்பாரு. கஸ்டமர் இல்லாத நேரம்னு ஒன்னு இருந்தாத்தானக்கா உட்காரதுக்கு? கஸ்டமர் இல்லன்னா பீஸை மடிக்கணும். மடிச்சாச்சுன்னா மறுபடி கலைச்சு மடிக்கணும். சும்மா இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

அவளுடைய அறைத்தோழிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. கெண்டைக்காலில் பச்சைக் கயிறு முறுக்கினாற்போல் புடைத்திருக்கும். ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பார்களாம், வரிசையாக. டாக்டர் சொன்ன வைத்தியம், "ரொம்ப நேரம் நிக்காதீங்க." அந்தச் சீட்டை எந்த மருந்துக் கடையில் கொடுத்து வாங்குவது?

சட்டத்தின் வாசகத்தில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். 'கிடைக்கும் வாய்ப்பில்' உட்காரலாம். அந்த வாய்ப்பு கிடைத்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணா, மேலே கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறவரா? முக்காலி வாங்கிப் போடச் சட்டம் போதும். உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க முடியாத நிலைக்கு வேறு ஒன்று வேண்டும். அந்த வேறு ஒன்றுக்குப் பெயர் சங்கம். இந்தக் காலத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாலே, பழைய பஞ்சாங்கம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும்.

கேரளத்தில் இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு. நம் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குச் சொந்தக்காரத் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே தையல் வேலை பார்த்த பி. விஜி என்ற பெண், கடைகளில் நின்ற பெண்களைக் கூட்டி 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2010ஐ ஒட்டிய வருஷங்கள். அவர்களுடைய முதல் கோரிக்கை சம்பளம் இல்லை, நாற்காலியும் இல்லை. கழிப்பறை. அத்தனை கடைகள் இருந்த தெருவில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அடக்கி அடக்கி நோய் வந்தவர்கள் உண்டு. பக்கத்து ஓட்டலில் டீ வாங்கினால் அங்கே போய்வரலாம். ஆனால் அந்த டீயே மறுபடி போகவைக்கும். இதைப் பேச ஆம்பளைத் தலைவர்கள் நிறைந்த பெரிய சங்கங்களுக்கு வாய் வரவில்லை. பெண்களே பேசினார்கள்.

கழிப்பறைக்கு அடுத்து உட்காரும் உரிமை. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் சிலர் கடை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்கள். அந்தப் போராட்டம் 100 நாளைத் தாண்டியது. உட்காரும் போராட்டம் என்றே மலையாளத்தில் அதற்குப் பெயர். கடைசியில் 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே வருஷம் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது. ஆக, கேரளத்துச் சட்டத்துக்குப் பின்னால் வாசலில் உட்கார்ந்த பெண்கள் இருந்தார்கள். அங்கே ஒரு சூப்பர்வைசர் முறைத்தால் போய்ச் சொல்ல ஓர் ஆள் உண்டு. நமக்கு அந்தச் சட்டம் அரசாங்கம் மனமிரங்கிக் கொடுத்ததாக வந்தது. நல்ல மனசுதான். ஆனால் கடைக்குள் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை.

ஏன் இல்லை? ரங்கநாதன் தெருவில் ஏன் ஒரு விஜி வரவில்லை? இதைப் பலநாள் யோசித்திருக்கிறேன். அந்தத் தெருவின் கடை ஊழியர்களைப் பற்றிய வசந்தபாலனின் படம் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது தமிழ்நாடே அழுதது. அழுதுவிட்டு அதே தெருவில் போய்த் தீபாவளிக்குத் துணி எடுத்தது. நானும்தான். படம் காட்டிய அடி உதை எல்லார் நினைவிலும் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆள் எடுக்கிற விதம். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, தெரிந்தவர் மூலமாக, 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்றுதான் கூட்டி வருகிறார்கள். தங்க ஹாஸ்டல், சாப்பிட மெஸ். ஊர்க்கோயில் கொடைக்கு முதலாளி நன்கொடை கொடுப்பார், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அட்வான்ஸ் கொடுப்பார், தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை கொடுப்பார். பொய்யான அன்பு என்று நான் சொல்ல மாட்டேன், பல முதலாளிகளுக்கு அது உண்மையான பாசம்தான். அந்தப் பாசத்தில்தான் சிக்கலே இருக்கிறது. சோறு போட்டவரிடம் எட்டு மணி நேர வேலை என்று சட்டம் பேசினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள். வேலை போனால் அன்றைக்கே படுக்க இடமும் போகும். ஊரில் அப்பா தலைகுனிய வேண்டியிருக்கும். இத்தனையையும் தாண்டி ஒருத்தி வாய் திறக்க வேண்டுமென்றால் அவளுக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள் என்ற நிச்சயம் வேண்டும். அந்த நூறு பேரும் அவளைப் போலவே பயந்துகொண்டிருக்கிறார்கள்.

சென்னைக்குச் சங்கம் புதுசும் இல்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பிறந்தது. பக்கிங்காம், கர்நாட்டிக் மில் தொழிலாளிகளுக்குச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, அடி, திட்டு, அபராதம் என்று நூறு குறைகள். அதைக் காதில் வாங்கி, பெரிய மனிதர்களிடம் கொண்டுபோனவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். இரண்டு பேரும் வியாபாரிகள்! கடைக்காரர்கள் தொழிலாளிக்குச் சங்கம் கட்டிக்கொடுத்த ஊர் இது. தலைவராக வந்த பி.பி. வாடியா பம்பாய்க்காரர், பார்சி, பிரம்மஞான சபைக்காரர். கூடவே திரு.வி.க. இவர்களில் யாரும் தறியில் நின்றவர் இல்லை. அடுத்தவன் வயிற்றுக்காக வந்தவர்கள். 1920 கதவடைப்பின்போது மில் நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தொழிலாளியைச் சங்கத்தில் சேர்ப்பதே குற்றமா என்ற கேள்வி தேசம் முழுக்கக் கிளம்பி, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்றைக்கும் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்கிற உரிமை அந்தச் சட்டத்தில் வந்ததுதான்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு மேடை இறங்குகிற தொழிற்சங்கப் பேச்சாளர்கள் உண்டு. கதவடைப்புக்கு அடுத்த வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். 1921இல் அதே மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் நிற்கவில்லை, வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா போன்ற அவர்களுடைய தலைவர்களும் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றே சொன்னார்கள். சாதி இந்துத் தொழிலாளிகளுக்கும் அவர்களுக்கும் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் தோற்றது. நான் ஆதிதிராவிடத் தொழிலாளிகளைக் கருங்காலி என்று சொல்லத் தயாரில்லை. மில் வாசலுக்கு வெளியே தன்னைத் தெருவுக்குள் விடாத, தண்ணீர் எடுக்க விடாத ஒருவன், வாசலுக்கு உள்ளே மட்டும் 'தோழா' என்று கூப்பிட்டால் எதற்காக நம்ப வேண்டும்? ஒன்றாக நிற்பதற்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

இன்றைக்கும் பல இடங்களில் நடக்கவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவரின் படம் ஒன்று வெளியானதே, ஞாபகம் இருக்கிறதா? ஓட்டு வாங்கி ஜெயித்த தலைவர், பட்டியல் சாதிப் பெண். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், அவர் தரையில். வழக்குப் பதிவாகி, ஊராட்சிச் செயலர் இடைநீக்கம் ஆனது பிறகு நடந்தது. பணம் வந்தால், படிப்பு வந்தால், பதவி வந்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பதவி வந்துவிட்டது. நாற்காலியும் அந்த அறையில் இருந்தது. ஜவுளிக்கடை முக்காலியும் அந்த ஊராட்சி நாற்காலியும் ஒரே தச்சன் செய்ததுதான் என்று எனக்குத் தோன்றும். நம் ஊரில் வர்க்கம் என்று தனியாக ஒன்றைப் பிரித்தெடுத்துப் பேசினால் பாதிக் கதைதான் பேச முடியும்.

சரி, நாம்? இதைக் கைப்பேசியில் வாசித்துக்கொண்டிருக்கிற நீங்களும், நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற நானும்? நமக்கு உட்கார்ந்தே இருப்பதுதான் வியாதி. முதுகு வலி, சர்க்கரை, கழுத்துப் பிடிப்பு. அதற்காக ஐ.டி. கம்பெனிகளில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற மேசை வாங்கிப் போடுகிறார்கள், விலை கேட்டால் மயக்கம் வரும். கையில் ஒரு கடிகாரம், மணிக்கு ஒருதரம் எழுந்து நில் என்று சொல்கிறது. ஒரே நகரத்தில் ஒருத்திக்கு நிற்கச் சொல்லி அலாரம் அடிக்கிறது, இன்னொருத்தி உட்கார்ந்தால் அபராதம். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே கவுன்ட்டரின் இரண்டு பக்கத்திலும் சந்திக்கிறார்கள்.

ஐ.டி.க்காரர்கள் தங்களைத் தொழிலாளி என்று நினைப்பதில்லை. 'எம்ப்ளாயி', 'அசோசியேட்', இன்னும் என்னென்னவோ. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் உங்களுக்கும் உண்டு என்று தமிழக அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. எத்தனை பேருக்குத் தெரியும்? ஆட்குறைப்பு மெயில் வருகிற அன்றைக்கு, அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கும்போதுதான் தெரிகிறது, நமக்கும் போய்ச் சொல்ல ஆள் இல்லை என்று. அந்த நேரத்தில் கடைப்பெண்ணும் நாமும் ஒன்றுதான். அதற்கு முந்தின நாள் வரை அதைச் சொன்னால் கோபம் வரும்.

நம்மைப் போன்ற வாடிக்கையாளர்கள் ஒன்றும் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். 1891இல் நியூயார்க்கில் வசதியான வீட்டுப் பெண்கள் சேர்ந்து 'நுகர்வோர் கழகம்' ஒன்றை ஆரம்பித்து 'வெள்ளைப் பட்டியல்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஊழியரை நியாயமாக நடத்துகிற கடைகளின் பெயர் மட்டும் அதில் இருக்கும். அங்கே போய் வாங்குங்கள் என்று சக பெண்களிடம் சொன்னார்கள். ஆரம்பத்தில் ஒரு சில கடைகளே தேறின. நியாயமான கடைக்கு அவர்கள் வைத்த அளவுகோலில் சம்பளம், வேலை நேரம், சாப்பாட்டு இடைவேளையோடு இன்னொன்றும் இருந்தது. சட்டப்படி இருக்கை போட்டிருக்க வேண்டும், அதில் உட்கார விடவும் வேண்டும். பார்த்தீர்களா, இருக்கை வேறு, உட்கார விடுவது வேறு என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கவுன்ட்டருக்கு அடியில் ஸ்டாக் அடுக்கிய முக்காலி அங்கேயும் இருந்திருக்கும்.

அந்தச் சீமாட்டிகள் செய்ததற்கு ஓர் எல்லை உண்டு. அவர்கள் ஊழியருக்காகப் பேசினார்கள், ஊழியரின் வாயால் பேசவில்லை. இருந்தாலும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதைவிட அது எவ்வளவோ மேல். எந்தக் கடையில் ஆடித் தள்ளுபடி அதிகம், எங்கே சேதாரம் குறைவு என்று பட்டியல் போட்டு அனுப்புகிறோம். எந்தக் கடையில் ஊழியர் உட்கார முடிகிறது என்று ஒரு பட்டியலும் இதுவரை எனக்கு வந்ததில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்பது கோரிக்கை. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். மழையிலும் வெயிலிலும் 13 நாள். அது அனுமதிக்கப்பட்ட இடம் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்ல, 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாளே அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளருக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது இட்லி இல்லை. கொடுக்கிறவர் கையில் இருப்பது சலுகை, அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். வேலை நிரந்தரம் என்பது கேட்டு வாங்குகிற உரிமை. இரண்டுக்கும் இருக்கிற தூரம் குப்பை அள்ளுகிற பெண்ணுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

அந்த 13 நாளும் என் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு 'குப்பை நாறுது', 'டிராஃபிக் ஜாம்', 'இவங்களுக்கு இதே வேலை'. கொரோனா காலத்தில் அதே குழுவில்தான் தூய்மைப் பணியாளர்களுக்குக் கைதட்டிய வீடியோவைப் போட்டிருந்தார்கள். கைதட்ட நாம் எப்போதும் தயார். திரு.வி.க. பெயர் வைத்த மண்டலத்தின் வேலைக்காக ஒரு தொழிலாளர் போராட்டம் நடக்கிறது என்கிற சின்ன முரண்கூட யாருக்கும் உறைக்கவில்லை. புளியந்தோப்பும் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறது.

சங்கங்கள் ஒன்றுக்கும் ஆகாதவை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்கிற ஒரு திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இடதுசாரிகளும் கூட்டணிக் கட்சிகளும் வெளிநடப்புச் செய்தன, எல்லாக் கொடியின் சங்கங்களும் ஒரே குரலில் எதிர்த்தன. சில நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கருத்துப்பதிவு போட்டவர்களால் அது நடக்கவில்லை, வேலையை நிறுத்திவிடுவார்கள் என்கிற பயத்தால் நடந்தது. அடுத்த வருஷம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்து கொடு என்பது அங்கே முக்கியக் கோரிக்கை. 2025 ஜனவரியில் பதிவானது. ஏழு பேர் போதும் என்று 1926 சட்டம் சொன்ன விஷயத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

கடைப்பெண்களால் இப்போதைக்கு அப்படி உட்கார முடியாது. அதனால் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். இருக்கை இல்லையென்றாலோ, இருந்தும் அதன்மேல் பெட்டி அடுக்கியிருந்தாலோ, கடை மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வாங்குகிறவர் என்ற முறையில். சரியான பதில் இல்லையென்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது அரசின் உதவி எண்ணான 1100க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். 22-ஏ என்று பிரிவைக் குறிப்பிடுங்கள், அலட்சியமாகப் போட்டுவிட மாட்டார்கள். கடையின் பெயர், தெரு, எந்தத் தளம், எந்த செக்‌ஷன், இது போதும். தயவுசெய்து அங்கே நின்ற பெண்ணின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.